ஓதத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?

 

நம் ஊர்களில் ஒரு பிள்ளை குர்ஆனை ஓதி முடித்துவிட்டால் அந்த வீட்டில் அன்று பெருநாள்தான். உஸ்தாதுக்குப் புத்தாடை, மக்தப் பிள்ளைகளுக்கெல்லாம் நார்சா, சொந்தபந்தங்களுக்கு விருந்து. மகிழ வேண்டிய விஷயம்தான், அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அதே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அது இதுவரை பார்த்திராத ஒரு தமிழ்க் கதையின் நான்கு வரிகளைக் காட்டி, 'இதைப் படி கண்ணே' என்று கேட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பள்ளிப் பாடத்தைக் கேட்காதீர்கள். அது மனப்பாடமாகியிருக்கும். பார்த்திராத நான்கு வரிகளைக் கேளுங்கள். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள்கூட எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டு போவதையும், வரியின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் மறந்துபோய் விழிப்பதையும் காண்பீர்கள். எழுத்து தெரிகிறது. வாசிக்கத் தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் நம் பிள்ளைகளின் எதிர்காலம் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கிறது.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் முன்னின்று, இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கும் 'அசர்' ஆய்வு என்று ஒன்று உண்டு. இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதையைக் கொடுத்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் படிக்கச் சொல்கிறார்கள். 2018-ல் நூற்றுக்கு 27 பேர்தான் படித்தார்கள். கொரோனாக் கால அடைப்புக்குப் பின் 2022-ல் அது 20 ஆகச் சரிந்தது. 2024-ல்தான் பழைய 27-க்குத் திரும்பியிருக்கிறது. தமிழகக் கிராமங்களின் கணக்கு இன்னும் வேதனை. 2022-ல் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2024-ல் ஏறத்தாழப் பன்னிரண்டு. இது எல்லாச் சமுதாயப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. மற்றவர்களுக்கு வந்த நோய் நமக்கு வராது என்று எண்ணிக்கொள்ள நமக்கென்ன தனிக் காப்பு இருக்கிறது?

பெருமையில் மறைந்த பள்ளம்

நம்மை ஏமாற்றுகிற ஒரு பெருமையும் இருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம். மாநிலச் சராசரியோ 73.5 சதவீதம். மேடைகளில் இதை நாம் சொல்லி மகிழ்ந்ததுண்டு. ஆனால் கணக்கெடுப்பு அதிகாரி யாரையும் புத்தகம் கொடுத்துப் படிக்கச் சொல்வதில்லை. 'எழுதப் படிக்கத் தெரியுமா?' என்று கேட்கிறார். வீட்டுக்காரர் 'தெரியும்' என்கிறார். எண்ணிக்கை ஏறிவிடுகிறது. அந்த எண்ணிக்கைக்குள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையனைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

நாடு தழுவிய நிலையை 2006-ல் நீதிபதி ராஜேந்தர் சச்சார் குழு வெளிச்சமிட்டுக் காட்டியது. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் பள்ளிக்கூடமே போகாதவர்கள், அல்லது இடையில் நின்றவர்கள் என்றது அந்த அறிக்கை. முஸ்லிம் பிள்ளைகளெல்லாம் மதரஸாவில்தான் கிடக்கிறார்கள் என்ற பொய்யையும் அதே அறிக்கைதான் உடைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் படிப்போர் ஏறத்தாழ 4 சதவீதம்தான். அப்படியானால் இடையில் நின்ற பிள்ளை எங்கே நின்றது? சாதாரணப் பள்ளிக்கூடத்தில்தான் நின்றது. எப்போது நின்றது? பதிவேட்டில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று இருக்கும். உண்மையில் அது மூன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் வகுப்பு மாறிக்கொண்டே போனது.

ஏன் மூன்றாம் வகுப்பு என்கிறோம்? அதுவரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. அதன்பின் வாசித்துத்தான் மற்றவற்றைக் கற்க வேண்டும். நான்காம் வகுப்புக்கு மேல் அறிவியலும் வரலாறும் பத்தி பத்தியாக வருகின்றன. கணக்குகூட வாக்கியமாக வருகிறது. 'என் மகனுக்குக் கணக்கு வராது பாய்' என்று ஒரு தகப்பனார் சொல்கிறார். அந்தப் பிள்ளையிடம் வாயால் கேட்டுப் பாருங்கள்: 'ஒரு பெட்டியில் 24 சோப்பு, ஐந்து பெட்டியில் எத்தனை?' கடையில் நின்று பழகிய பிள்ளை கண் இமைப்பதற்குள் 120 என்று சொல்லிவிடும். அவனுக்குக் கணக்கு வருகிறது. கணக்கு எழுதியிருக்கும் வாக்கியம்தான் வரவில்லை!

இப்படியே பத்தாம் வகுப்பில் தட்டுத் தடுமாறித் தோற்கிறான். அடுத்தது பாஸ்போர்ட். பத்தாம் வகுப்புத் தேறாதவனுக்குக் கிடைப்பது ஈ.சி.ஆர். முத்திரை உள்ள பாஸ்போர்ட். வளைகுடாவில் அவனுக்குக் காத்திருப்பது எந்த வேலை என்பதை நாம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வேலையைப் பார்த்துத்தான் நம்மில் பலர் தங்கைகளைக் கரையேற்றினோம், உம்மாவுக்கு மருந்து வாங்கினோம். உழைப்பில் இழிவில்லை. ஆனால் வேறு வழியே இல்லாமல் போவதும், நான்கு வழிகளில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்துப் போவதும் ஒன்றாகுமா?

2007-ல் தமிழகத்தில் நமக்கு 3.5 சதவீதம் தனி இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக எத்தனை ஊர்வலங்கள், எத்தனை மாநாடுகள்! அதை உயர்த்தித் தர வேண்டும் என்று குரல் கொடுப்பதும் நியாயமே. ஆனால் சகோதரர்களே, இடஒதுக்கீடு கல்லூரி வாசலில் நாற்காலி போட்டு வைக்கிறது. அந்த நாற்காலியில் வந்து உட்காரப் பிள்ளை வேண்டாமா? அவன் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டானே!

அரசின் கடமை எங்கே தொடங்குகிறது?

'இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை' என்று சிலர் கேட்கலாம். உண்மை, அரசைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைதான் பிள்ளைக்கு உரிமை தருகிறது. மூன்று முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி இருக்கிறது. 1975-ல் தொடங்கிய திட்டம் அது. தமிழகத்தில் ஏறத்தாழ 54 ஆயிரம் மையங்கள் உள்ளன. சத்துணவும் தடுப்பூசியும் எடை பார்ப்பதும் அந்த ஒரே பணியாளர் தலையில்தான். அதற்கு நடுவே அவர் பாட்டும் கதையும் சொல்லித் தர வேண்டும்.

தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்களைத் தெருவுக்கு அழைத்து வந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. இவை நல்ல முயற்சிகளே. ஆனால் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன்பே பாதி வேலை வீட்டிலும் தெருவிலும் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

வாசிப்பு எழுத்தில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. கதை கேட்ட பிள்ளைக்குச் சொற்கள் தெரியும். சொல் தெரிந்த பிள்ளைக்கு ஒலி பிரித்துப் பார்க்கத் தெரியும். 'மாமரம்', 'மாடு', 'மாலை' மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்பது காதுக்குத் தெரிந்தால், 'மா' என்ற எழுத்தைக் கண்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும். கதையே கேளாத பிள்ளைக்கு 247 எழுத்துகளும் 247 கோலங்கள். அதைப் பார்த்துப் பார்த்து எழுதும், அழகாகவும் எழுதும். ஆனால் அது படம் வரைவதே தவிர வாசிப்பு அல்ல.

வீட்டில் உர்தூ பேசும் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பிள்ளைகளுக்குச் சுமை இன்னும் அதிகம். 2006-ன் தமிழ் கற்பித்தல் சட்டத்தின்படி பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் கேட்காத மொழியை எழுத்தில் முதலில் சந்திக்கும் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு ஏறும்? அந்தப் பிள்ளைக்கு வீட்டு மொழியில் கதையும், தெரு மொழியான தமிழில் பேச்சும் பள்ளிக்கு முன்பே கிடைக்க வேண்டும்.

மக்தப் அன்று என்ன செய்தது?

மக்தபில் தமிழா என்று புருவம் உயர்த்துகிறவர்களுக்கு நம் சொந்த வரலாற்றையே நினைவூட்டுகிறோம். அரபுத்தமிழ் என்று ஒன்று நம்மிடம் இருந்ததே, மறந்துவிட்டதா? அரபி எழுத்துகளோடு, தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைச் சற்றே மாற்றிச் சேர்த்து, தமிழை எழுதினார்கள் நம் முன்னோர். குர்ஆன் ஓதக் கற்ற ஒரு பெண் அடுத்த அடியில் தன் தாய்மொழியையும் வாசிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத நம் பாட்டிமார்கள் சட்டங்களையும் வரலாறுகளையும் பாட்டுகளையும் அப்படித்தான் தாங்களே வாசித்து அறிந்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் அரபுத்தமிழ் நூல்கள் வீடு வீடாகப் புழங்கின. அதாவது அன்றைய மக்தப் ஒரே பாயில் இரண்டு கதவுகளைத் திறந்தது. ஒன்று மறைக்கு, ஒன்று தாய்மொழிக்கு.

அரபுத்தமிழ் வழக்கொழிந்தது. தமிழ் எழுத்து பள்ளிக்கூடத்துக்குப் போனது, ஓதல் மக்தபில் தங்கியது. பாய் அதேதான், ஒரு கதவுதான் மூடிவிட்டது. அதைத் திரும்பத் திறக்கச் சொல்வது புதுமையா, பழைய சுன்னத்தான வழக்கத்துக்குத் திரும்புவதா? முதல் வஹீயின் முதல் கட்டளையே ஓதச் சொல்லித்தான் வந்தது. பத்ருப் போரில் பிடிபட்டு, மீட்புத்தொகை கொடுக்க வசதியற்ற மக்கத்துக் கைதிகளிடம், மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) நிபந்தனை வைத்ததை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. அந்த ஆசிரியர்கள் நம்மவர்கள்கூட அல்லர், போர்க்களத்தில் எதிரில் நின்றவர்கள்!

இன்னொன்றையும் ஆலிம் பெருமக்கள் சிந்திக்க வேண்டும். ஜபர், ஜேர், பேஷ் என்று எழுத்தோடு ஒலியைக் கூட்டிச் சொல்லித் தருகிறோமே, அதுதான் வாசிப்புக் கல்வியின் உயிர். எந்த எழுத்து தொண்டையில் பிறக்கிறது, எது நாவின் நுனியில் பிறக்கிறது என்று மக்ரஜ் திருத்தத் தெரிந்த ஒரு உஸ்தாதுக்கு ஒலியின் நுட்பத்தை வேறு யார் வந்து கற்றுத்தர வேண்டும்? கருவி நம் கையில் இருக்கிறது. அதைத் தமிழுக்கும் நீட்டுவதுதான் பாக்கி.

மொம்பாசாவின் முஸ்லிம்கள் செய்து காட்டியது

'பேசுவது எளிது, நடக்குமா?' என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. நம்மைப் போலவே கடலோரத்தில் வாழும், நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்களைப் போலவே ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும், நம்மைப் போலவே தம் தாய்மொழியை ஒரு காலத்தில் அரபி எழுத்தில் எழுதிய ஒரு சமுதாயம் செய்து காட்டியிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யாவின் கடற்கரையில், ஸ்வாஹிலி பேசும் முஸ்லிம்கள்.

அங்கும் பிள்ளைகள் குர்ஆன் மதரஸாவுக்குத் தவறாமல் போனார்கள். ஆனால் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்ததும் பின்தங்கினார்கள். மற்ற மழலைப் பள்ளிகளுக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் என்னாகுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு. இரண்டுக்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் நழுவிக்கொண்டிருந்தார்கள். 1982-ல் அந்தச் சமுதாயத் தலைவர்கள் இஸ்மாயிலிகளின் தலைவர் ஆகா கானிடம் உதவி கேட்டார்கள். கொள்கையில் தங்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரியாததல்ல. அதை அதன் இடத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்காகப் போய்க் கேட்டார்கள். ஆகா கான் அறக்கட்டளை உதவ முன்வந்தது. 1986-ல் மொம்பாசாவில் முதல் மதரஸா மழலைப் பள்ளி தொடங்கியது. அதை நடத்த முன்வந்தவர் ஸ்வாஃபியா சயீத் என்ற ஆசிரியை. அங்கு மக்கள் மரியாதையோடு 'பீ ஸ்வாஃபியா' என்று அழைத்த பெண்மணி.

அவர்கள் புதிய மாளிகை கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த மதரஸாவின் இடத்தையும் ஊரார் ஒதுக்கித் தந்த இடத்தையும் பயன்படுத்தினார்கள். வெளியூர் ஆசிரியர்களைக் கொண்டுவரவில்லை. அந்தந்த ஊர்ப் பெண்களையே, அதிகம் படிக்காதவர்களானாலும், தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் வாங்கவில்லை. தேங்காய்ச் சிரட்டை, விதைகள், பாட்டில் மூடிகள், அட்டைகள் என்று சுற்றுப்புறத்தில் கிடைத்தவற்றிலேயே எண்ணவும் பிரிக்கவும் அடுக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். ஓதலும் துஆவும் இருந்தன. கூடவே தாய்மொழியில் பாட்டு, கதை, கேள்வி, பேச்சு எல்லாம் இருந்தன. பிள்ளை அடித்து உட்கார வைக்கப்படவில்லை, கேட்கவும் பேசவும் விடப்பட்டது. மற்ற சமயத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தே இருந்தது.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அங்கே ஊர் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஊரிலும் நிர்வாகக் குழு அமைந்தது. இன்னின்னதை ஊர் செய்யும், இன்னின்னதை மையம் செய்யும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். பெற்றோர் சிறு கட்டணம் செலுத்தினார்கள். பிறகு, பல ஊர்களில் மக்கள் திரட்டிய பணத்தோடு வெளி உதவியையும் சேர்த்து ஒரு நிரந்தர நிதி உருவாக்கி, அசலைத் தொடாமல் அதன் வருவாயைப் பள்ளிக்குச் செலவிடும் ஏற்பாட்டுக்கு முயன்றார்கள். இதற்கு நம் பாஷையில் என்ன பெயர்? வக்ஃபு!

1990-ல் சான்ஸிபாருக்கும், 1993-ல் உகாண்டாவுக்கும் அந்த முயற்சி பரவியது. மூன்று நாடுகளிலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட மழலைப் பள்ளிகளை ஊர் மக்களே நடத்தும் நிலை வந்தது. பயன் இருந்ததா என்று ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்தார்கள். 2008-ல் வெளியான ஆய்வின்படி, மழலைப் பள்ளிக்கே போகாத பிள்ளைகளைவிட மட்டுமல்ல, மற்ற மழலைப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளைவிடவும் இந்த மதரஸா மழலைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவு வளர்ச்சியில் முன்னே நின்றார்கள்.

சிந்தியுங்கள் சகோதரர்களே! அவர்களிடம் இருந்தது என்ன, நம்மிடம் இல்லாதது என்ன? மக்தப் இல்லையா? படித்த பெண்கள் இல்லையா? கொடுக்கும் கைகள் இல்லையா? கூடி உட்கார்ந்து முடிவெடுக்கும் மனம் ஒன்றுதான் குறை.

இனி செய்ய வேண்டியவை

முதலில் இளைஞர்களே! உங்களிடம் கேட்பது பணமல்ல. இரண்டு வெள்ளிக்கிழமை மாலைகள். ஜமாஅத் சந்தாப் பதிவேட்டில் எல்லாக் குடும்பங்களும் இருக்கின்றன. அதைக் கையில் எடுங்கள். மஹல்லாவில் மூன்று வயது முதல் எட்டு வயது வரை எத்தனை பிள்ளைகள், யார் அங்கன்வாடிக்குப் போகிறார்கள், யார் எங்கும் போகவில்லை என்று எழுதுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'அசர்' ஆய்வில் செய்வதைப் போல ஒரே தாளில் நான்கு படிகள்: எழுத்து, சொல், நான்கு எளிய வரி, ஒரு சிறு கதை. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். பிள்ளையை மிரட்டாதீர்கள். மற்றவர் முன் வைத்துக் கேட்காதீர்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நோய் எவ்வளவு என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

அடுத்து முத்தவல்லிகளே, ஜமாஅத் நிர்வாகிகளே! பெரும்பாலான ஊர்களில் மக்தப் காலையிலும் மஃக்ரிபுக்குப் பிறகும் நடக்கிறது. மற்ற நேரம் அந்த அறை பூட்டித்தான் கிடக்கிறது. ஓதல் முடிந்ததும் அரை மணி நேரம் போதும். அதில் பாடம் நடத்தாதீர்கள். இன்னொரு டியூஷன் சென்டர் நமக்குத் தேவையில்லை. ஒரு கதையை உரக்க வாசித்துக் காட்டுவது, பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்வது, பிறகு ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் எடுப்பது, இவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளை எழுத்துப் படியில் நின்றால், வயதைப் பார்க்காமல் அந்தப் படியிலிருந்தே தொடங்குங்கள். வகுப்புக்கு ஏற்ற பாடமல்ல, பிள்ளை நிற்கும் இடத்துக்கு ஏற்ற பாடம்தான் ஏற்றிவிடும். உஸ்தாதுக்கு ஏற்கெனவே உள்ள சம்பளத்தில் இந்த வேலையையும் ஏற்றிவிடாதீர்கள். அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும்.

அதற்குத்தான் நம் சகோதரிகள். பிளஸ் டூவும் பட்டப் படிப்பும் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எந்தத் தெருவில் இல்லை? நிஸ்வான் மதரஸாக்களில் ஆலிமா பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர்! மொம்பாசாவில் அதைவிடக் குறைவாகப் படித்த பெண்களை வைத்துச் சாதித்தார்கள். இவர்களுக்கு முறையான பயிற்சியும், கௌரவமான ஊதியமும் கொடுங்கள். பள்ளிவாசலில் வசதி இல்லையென்றால் ஒரு வீட்டுத் திண்ணை போதும். 'சேவைதானே' என்று சொல்லிப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கும் பழக்கத்தை விடுவோம்.

வணிகப் பெருமக்களே! பள்ளிவாசலுக்கு மினாரா கட்டக் கேட்டபோது நீங்கள் கையை விரித்ததில்லை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டை கேட்டால் மறுத்ததில்லை. இப்போது கேட்பது ஒரு அலமாரியும் நூறு கதைப் புத்தகங்களும். படம் பெரிதாக, எழுத்து பெரிதாக, வரி குறைவாக உள்ள புத்தகங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பொதுத்துறை நிறுவனம் குறைந்த விலையில் வெளியிடுகிறது. 'பிரதம் புக்ஸ்' 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழிலும் உர்தூவிலும் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அந்த முறையை நாமும் கைக்கொள்ளலாம். புத்தகத்தைப் பூட்டி வைக்காதீர்கள். கிழியட்டும்! கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். ஆண்டுதோறும் கையேந்தாமல் இருக்க, ஒரு கடையின் வாடகையையோ ஒரு சிறு மனையின் வருவாயையோ இதற்கென்றே வக்ஃபு செய்ய முடிந்தவர்கள் செய்யுங்கள். உங்களுக்குப் பின்னும் ஓடும் நன்மை அது.

ஆங்கில மழலைப் பள்ளிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வியாபாரத்துக்கும் உயர்கல்விக்கும் அது அவசியம். ஆனால் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று ஒப்பிக்கும் மூன்று வயதுப் பிள்ளை வீட்டில் ஒரு கதைகூடக் கேட்டதில்லை என்றால், அது எந்த மொழியிலும் வாசகனாகப் போவதில்லை. பேசும் மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழி ஏணியின் அடுத்த படி. முதல் படியே இல்லாத பிள்ளைக்கு அது சுவர்.

தாய்மார்களே! 'எனக்கே படிக்கத் தெரியாதே' என்று ஒதுங்காதீர்கள். ஆகா கான் அறக்கட்டளை பின்னாளில் பல நாடுகளில், எழுத்தறிவு குறைந்த பெற்றோரையும் சேர்த்தே, பிள்ளைகளோடு படப் புத்தகத்தைப் பார்த்துப் பேச வைக்கும் பணியைச் செய்தது. படத்தைக் காட்டிக் கதை சொல்ல எழுத்து தெரிய வேண்டியதில்லை. யூசுப் நபி (அலை) கிணற்றில் கிடந்த வரலாற்றை உங்கள் உம்மா உங்களுக்கு எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்? துபாயிலும் ரியாதிலும் இருக்கும் வாப்பாமார்களே! வீடியோ அழைப்பில் 'எத்தனை மார்க்?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு சிறு கதையை வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு அது பாடமும் ஆகும், வாப்பாவின் குரலும் ஆகும்.

கடைசியாக அரசிடம் உரிமையோடு கேட்க வேண்டியதையும் விட்டுவிட வேண்டாம். நம் தெருவில் அங்கன்வாடி இல்லையா? கவுன்சிலரிடம், வட்டார அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். இருக்கிறதா? அங்கே பிள்ளைகளை அனுப்புங்கள். பணியாளர் நம்மவர் இல்லையே என்று தயங்காதீர்கள். நம் மக்தபின் கதை நேரத்துக்கு அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் பாயை நீட்டிப் போடுங்கள். ஒரே கதைக்குச் சேர்ந்து சிரித்த பிள்ளைகளைப் பின்னாளில் யாரும் எளிதில் பிரித்துவிட முடியாது.

ஒரு ஆண்டு கழித்து அதே ஒற்றைத் தாளை எடுத்து அதே பிள்ளைகளிடம் மீண்டும் கேளுங்கள். எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை பேர் மேடையில் இருந்தார்கள் என்பதல்ல கணக்கு. எழுத்துப் படியில் நின்ற எத்தனை பிள்ளைகள் கதைப் படிக்கு ஏறினார்கள் என்பதே கணக்கு. அந்தக் கணக்கை ஜும்ஆவுக்குப் பின் ஊர் மக்கள் முன் வாசியுங்கள். ஜமாஅத்தின் வரவு செலவு வாசிக்கும்போது இதையும் சேர்த்து வாசியுங்கள். ஏனென்றால் இதுதான் ஜமாஅத்தின் உண்மையான இருப்பு.

கடையில் சரக்கு தேங்கினால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிறோம். நம் பிள்ளைகளின் அறிவு மூன்றாம் வகுப்பில் தேங்கிக் கிடப்பதைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு தலைமுறை ஆக வேண்டுமா? அடுத்த முறை உங்கள் மஹல்லாவில் ஒரு பிள்ளை குர்ஆன் ஓதி முடிக்கும்போது, நார்சாவோடு அதன் கையில் ஒரு கதைப் புத்தகமும் கொடுங்கள். அது அதை நின்ற இடத்திலேயே விரித்துத் தங்குதடையின்றி வாசிக்கட்டும்! அந்த நாளை நம் ஊர்களில் காண வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக!